காளிமுத்து சைபர் போட மாட்டார்

சென்ற மாதம் ஒரு காலை வேளையில், நான் முப்பத்து மூன்று வருடம் வேலை பார்த்த பாசன அலுவலகத்திலிருந்து ஒரு போன் வந்தது. பேசியவர் ஷமீமா என்ற உதவிப் பொறியாளர். நான் ஓய்வு பெற்ற பிறகு வேலைக்குச் சேர்ந்தவர். மரியாதையான குரல்.

"சார், பழைய சர்வரை நிறுத்தப் போறோம். எல்லாம் புது ஆப்புக்கு மாத்தியாச்சு. நிறுத்துறதுக்கு முன்னாடி உங்க ஸ்கிரிப்டை ஒரு தடவை படிச்சுப் பாத்தேன். நடுவுல ஒரு வரி இருக்கு சார். தமிழை இங்கிலீஷ் எழுத்துல எழுதியிருக்கீங்க. 'காளிமுத்து சைபர் போட மாட்டார், கை வைக்காதே' அப்படின்னு. யார் சார் காளிமுத்து?"

எனக்குச் சிரிப்பும் வந்தது, கொஞ்சம் உறுத்தலும் வந்தது. "அது பெரிய கதைம்மா" என்றேன். "சொல்லுங்க சார், டீ டைம்தான்" என்றார். அவரிடம் அன்று சொன்னதைத்தான் சற்று விரித்து எழுதுகிறேன்.

என் ஊர் பூதலூர். தட்டச்சு இரு மொழியிலும் உயர்நிலை தேறி, தஞ்சாவூரில் அந்த அலுவலகத்தில் தட்டச்சராகச் சேர்ந்தேன். தினமும் பாசஞ்சர் ரயில். பத்து வருடம் ரிமிங்டன் மெஷினைத் தட்டிய பிறகு கம்ப்யூட்டர் வந்தது. திருச்சியில் இரண்டு வாரப் பயிற்சி கொடுத்தார்கள். ஒரு வாரம் கருப்புத் திரையைப் பார்த்து முழித்தேன், மறு வாரம் அது என்னைப் பார்த்து முழித்தது. திரும்பி வந்ததும் அலுவலகத்தில் கம்ப்யூட்டர் தெரிந்த ஒரே ஆள் நான்தான். அந்தத் தலைக்கனம் எனக்கு நன்றாகவே ஏறியிருந்தது என்பதையும் ஒப்புக்கொண்டுவிடுகிறேன். பின்னால் வரும் சங்கதிக்கு அதுவும் ஒரு காரணம்.

என் வேலை இதுதான். எங்கள் ஆளுகையில் நாற்பத்தொரு மதகுகள். ஒவ்வொன்றுக்கும் ஒரு லஸ்கர் உண்டு. மதகைத் திறப்பது, அடைப்பது, கரையைப் பார்த்துக்கொள்வது எல்லாம் அவர் பொறுப்பு. லஸ்கர்கள் தினமும் மாலை போன் செய்து மூன்று அளவு சொல்ல வேண்டும்: காலையில் வாய்க்காலில் எத்தனை அங்குலம் தண்ணீர், மாலையில் எத்தனை அங்குலம், ஷட்டர் எத்தனை அங்குலம் தூக்கியிருக்கிறது. போனை எடுத்து அதை ஒரு கோப்பில் மதகுக்கு ஒரு வரியாக அடிப்பவர் மல்லிகா. அந்தக் கோப்பைப் படித்து மறுநாள் காலை அறிக்கை தயாரிக்கும் ஷெல் ஸ்கிரிப்ட், அதாவது கம்ப்யூட்டருக்கு வரிவரியாகக் கட்டளை எழுதிவைத்த சிறு நிரல், என்னுடையது. தண்ணீர் குறைவான வருடங்களில் முறை வைத்துத்தான் விடுவோம். ஒரு வாய்க்காலுக்கு ஆறு நாள், அடுத்ததற்கு ஆறு நாள். கடைசி மதகில் பதினெட்டு அங்குலம் எட்டிவிட்டால் அந்த வாய்க்கால் நிறைந்தது என்று பொருள். ஆறு நாள் ஆகாவிட்டாலும் வாய்க்கால் ஆற்றிலிருந்து பிரியும் தலைப்பில் அடைத்துத் தண்ணீரை அடுத்த வாய்க்காலுக்குத் திருப்பிவிடுவார்கள். அப்படித் திருப்புவதை முடிவு செய்தது என் அறிக்கை.

முதல் தப்பை ஆரம்பத்திலேயே செய்தேன். ஸ்கிரிப்டை எழுதி ஓடவிட்டால், நாற்பத்தொரு மதகு அறுபத்து மூன்றாக வந்து நின்றது. அதில் 'தெற்கு' என்று ஒரு மதகு, 'நத்தம்' என்று இன்னொரு மதகு. எங்கள் கடைசி மதகின் பெயர் தெற்கு நத்தம். இப்படி இரண்டு சொல்லில் பெயர் கொண்ட மதகுகள் இருபத்திரண்டு. பெயரின் நடுவில் இடைவெளி இருப்பதால், என் கட்டளைகளைப் படித்து ஓட்டும் ஷெல் அதை இரண்டாக நறுக்கிவிட்டது.

இந்த நறுக்கும் வேலைக்கு ஷெல்லில் ஒரு மாறி, அதாவது நாம் மதிப்பை மாற்றி வைக்கக்கூடிய பெட்டி, இருக்கிறது. ஐ.எஃப்.எஸ். என்று பெயர். கலெக்டர் ஆபீஸ் பக்கம் வரும் பெரிய அதிகாரி என்று நினைத்துவிட வேண்டாம். ஒரு வரியை எந்த எழுத்தைக் கண்டால் வெட்ட வேண்டும் என்பதை அதில் எழுதி வைத்திருப்பார்கள், அவ்வளவுதான். நாம் ஒன்றும் சொல்லாவிட்டால் இடைவெளி, டேப், வரி முடிவு, இந்த மூன்றில் எதைக் கண்டாலும் வெட்டும். நான் புத்தகத்தைப் புரட்டிப் பார்த்து, டேப்பில் மட்டும் வெட்டு என்று மாற்றினேன். மல்லிகாவிடமும் ஒவ்வொரு கட்டத்துக்கு நடுவிலும் டேப் விசையைத்தான் அமுக்க வேண்டும் என்று சொல்லிவைத்தேன். தெற்கு நத்தம் ஒட்டிக்கொண்டது. நாற்பத்தொன்றும் சரியாக வந்தது. புத்தகத்தில் அந்தப் பக்கத்தின் கீழே இன்னும் நாலு வரி இருந்தது. நான் படிக்கவில்லை. வேலைதான் முடிந்துவிட்டதே.

பல வருடம் அந்த ஸ்கிரிப்ட் ஒரு குறையும் இல்லாமல் ஓடியது.

இப்போது வசந்தா மேடத்தைப் பற்றிச் சொல்ல வேண்டும். எங்கள் செயற்பொறியாளர். குரலை உயர்த்தி நான் கேட்டதில்லை. மேசையில் எப்போதும் ஓரடி இரும்பு ஸ்கேல் ஒன்று இருக்கும். எந்தக் காகிதம் போனாலும் அதை வரிக்கு அடியில் வைத்து ஒவ்வொரு வரியாகக் கீழே நகர்த்துவார். முடிந்ததும் ஸ்கேலை நெட்டுவாக்கில் திருப்பி ஒவ்வொரு பத்தியாகப் பக்கவாட்டில் நகர்த்துவார். அந்த ஸ்கேல் நகரும் ஓசை நின்றால் அங்கே ஏதோ தப்பு என்று அர்த்தம்.

அவரிடம் இன்னொரு வழக்கமும் இருந்தது. ஊழியர் மேல் நடவடிக்கை எடுக்கும் மெமோவை எப்போதும் வெள்ளிக்கிழமை பென்சிலில் எழுதுவார். திங்கட்கிழமை மறுபடி ஒரு தடவை படித்து, அப்போதும் அது சரியென்று பட்டால் அதன் மேலேயே பேனாவை ஓட்டிக் கையெழுத்திடுவார். ஒரு தடவை யாரோ காரணம் கேட்டதற்கு, "கோவத்துல எழுதினத ரெண்டு நாள் கழிச்சுப் படிச்சா பாதிப் பேரு தப்பிச்சிடுவாங்க" என்றாராம். மேடத்தின் பென்சிலுக்கு அலுவலகம் முழுக்க மரியாதை உண்டு.

அந்த வருடம் மேட்டூரில் தண்ணீர் கம்மி. முறைப் பாசனம். தெற்கு நத்தம் மதகுக்குப் புதிதாக மாறுதலில் வந்திருந்தவர் காளிமுத்து. ஐம்பத்தாறு வயது, ஒல்லியான ஆள், அதிகம் பேச மாட்டார். ஓய்வு பெற இரண்டு வருடம் பாக்கி. அந்தப் பருவத்தில் இரண்டு முறை தண்ணீர் விட்டோம். இரண்டு முறையும் என் அறிக்கை ஒரே மாதிரி சொன்னது: தெற்கு நத்தத்தில் முதல் மூன்று நாள் சைபர், நாலாம் நாள் இருபத்து நாலு அங்குலம். நிறைந்துவிட்டது என்று ஐந்தாம் நாளே தலைப்பில் அடைத்துவிட்டார்கள்.

ஒரு வெள்ளிக்கிழமை பாக்கியம் என்ற அம்மாள் அலுவலகத்துக்கு வந்தார். தெற்கு நத்தத்தில் பதினைந்து மா, அதாவது ஐந்து ஏக்கர் நிலம், தனியாக நின்று சாகுபடி செய்பவர். கையில் ஒரு பிளாஸ்டிக் பை. நேராக மேடத்தின் அறைக்குள் போய், பையிலிருந்து ஒரு கைப்பிடி நாற்றை எடுத்து மேசையில் வைத்தார். வைக்கோல் நிறத்தில் இருந்தது.

"ரெண்டு முறையா சொட்டுத் தண்ணி வரலைங்க. நாத்தங்கால் பாளம் பாளமா வெடிச்சுக் கெடக்கு. இந்த முறையும் வரலைன்னா இந்த வருஷம் நடவே கெடையாது" என்றார்.

மேடம் என்னைக் கூப்பிட்டு அறிக்கையைக் கொண்டுவரச் சொன்னார். ஸ்கேலை வைத்தார். அது தெற்கு நத்தத்தில் வந்து நின்றது. "இருபத்து நாலு அங்குலம் ஓடியிருக்குன்னு இருக்கேம்மா?"

அந்த அம்மாள் காகிதத்தைப் பார்க்கக்கூட இல்லை. "உங்க பேப்பர்ல ஓடுற தண்ணிய எங்க வயல்ல விடுங்க" என்று சொல்லிவிட்டு நாற்றை அங்கேயே வைத்துவிட்டுப் போனார்.

மேடம் ஜீப்பை அனுப்பிக் காளிமுத்துவை வரவழைத்தார். மாலை நாலு மணிக்கு வந்து நின்றார். சட்டைப் பையில் மடித்து வைத்த துண்டு, காலில் காய்ந்த சேறு.

"மூணு நாள் சைபர், நாலாம் நாள் இருபத்து நாலு. ஒரே நாள்ல ரெண்டடி எப்படி ஏறும்? ரெண்டு முறையும் அதே கணக்கு. நீங்க வாய்க்காப் பக்கம் போனீங்களா, வீட்ல உக்காந்து சொன்னீங்களா?" என்று கேட்டார் மேடம்.

"தண்ணிக்கு நான் சைபரும் சொல்லலைங்க, இருபத்து நாலும் சொல்லலைங்க."

"பின்ன என்ன சொன்னீங்க?"

"தண்ணி வரலைங்க. அதனால ஒண்ணும் சொல்லலை. தண்ணி வர்றதுக்குள்ள தலைப்புல அடைச்சிட்டாங்கன்னு செக்‌ஷன் ஆபீசர்கிட்டதான் நாலு தடவை சொன்னேன். ரிப்போர்ட்ல நெறைஞ்சிருக்கேய்யான்னு சொல்லிட்டாரு."

மேடம் என் பக்கம் திரும்பினார். "என்ன தங்கராசு?"

அப்போது நான் செய்திருக்க வேண்டியது ஒன்றே ஒன்று. மல்லிகா அடித்த கோப்பைத் திறந்து பார்த்திருக்க வேண்டும். இரண்டு நிமிட வேலை. மல்லிகா அன்று விடுப்பு. திருக்கடையூரில் அவர் அப்பா அம்மாவுக்கு அறுபதாம் கல்யாணம். ஆனால் கோப்பு எங்கே போகப் போகிறது? நான் திறக்கவில்லை. என் ஸ்கிரிப்டைச் சந்தேகப்பட ஒரு லஸ்கருக்கு என்ன தெரியும் என்ற எண்ணம். மார்பை நிமிர்த்திக்கொண்டு சொன்னேன்: "கம்ப்யூட்டர் பொய் சொல்லாது மேடம்."

காளிமுத்து என்னைத் திரும்பிப் பார்த்தார். கோபமாகப் பார்த்திருந்தால் மறந்திருப்பேன். இந்த ஆளுக்கு என்ன ஆயிற்று என்பது போல் பார்த்தார். இன்றைக்கும் அந்தப் பார்வையை நினைத்தால் எனக்குக் கூசும்.

மேடம் பென்சிலை எடுத்தார். பொய்யான அளவு கொடுத்ததற்காகத் தற்காலிகப் பணிநீக்கம். திங்கட்கிழமை மூன்றாவது முறைக்கான உத்தரவும் போக வேண்டும், மெமோவும் போக வேண்டும்.

சனிக்கிழமை எனக்கு வீட்டில் இருப்பு கொள்ளவில்லை. நல்ல மனசினால் என்று நினைக்க வேண்டாம். என் கணக்குதான் சரி என்று கண்ணால் பார்த்து உறுதிசெய்துகொள்ள வேண்டும் போலிருந்தது. பூதலூரில் காலை வண்டி பிடித்து மயிலாடுதுறை போய், அங்கிருந்து பஸ்ஸில் ஒன்றரை மணி நேரம். இறங்கியபோது வெயில் உச்சியில் இருந்தது. காளிமுத்து மதகு மேல் உட்கார்ந்து ஷட்டரின் திருகுக் கம்பிக்குக் கிரீஸ் தடவிக்கொண்டிருந்தார். திங்கட்கிழமை வேலை போகப்போகிறது என்று தெரிந்த மனிதர்.

வாய்க்காலில் தண்ணீர் இல்லை. வந்த தடமும் இல்லை. அளவுக் கல்லின் அடியில் சிலந்தி வலை. இரண்டடி ஓடிய வாய்க்காலில் சிலந்தி எப்படிக் கூடு கட்டும்? வலை கட்டி நாள் பல ஆகியிருந்தது.

"வாங்க சார், பாருங்க. நீங்களாவது வந்தீங்களே" என்றார்.

"ஷட்டர் முழுசாத் தூக்கியிருக்கே?"

"தலைப்புலேருந்து தண்ணி இங்க வர நாலஞ்சு நாள் ஆகும். வந்தா தடையில்லாமப் போகட்டும்னு நாலாம் நாள் முழுசாத் தூக்கி வச்சிருவேன். நேரா பாக்கியம்மா வயலுக்குப் போயிரும்ல."

"எவ்வளவு தூக்கியிருக்கு?"

"முழுசுன்னா இருபத்து நாலு."

"அதுக்கு முன்னாடி மூணு நாள்?"

"அடைப்பு. சைபர்."

சைபர், சைபர், சைபர், இருபத்து நாலு. தண்ணீரின் அளவு என்று நான் மேடத்திடம் நீட்டியது அத்தனையும் ஷட்டரின் அளவு. அவர் எவ்வளவு ஆசையோடு கதவைத் தூக்கிக் காத்திருந்தாரோ, அவ்வளவு தண்ணீர் என் காகிதத்தில் ஓடியிருக்கிறது.

"ஷட்டருக்குச் சைபர்னு சொல்றீங்க. தண்ணிக்கும் சைபர்னு சொல்லியிருக்கலாமேய்யா?" கிட்டத்தட்டக் கெஞ்சினேன்.

"ஷட்டர் இரும்பு சார், அதுக்குப் போடலாம். வாய்க்காலுக்கு எப்படிச் சைபர் போடுறது? வீட்ல அரிசி தீந்துட்டா தீந்துபோச்சுன்னா சொல்றோம்? நெறைஞ்சிருக்குன்னுதானே சொல்றோம். எங்க அப்பா காலத்துலேருந்து தண்ணிக் கணக்குல சைபர் போட்டதில்ல. அதுக்காக நெறைஞ்சிருக்குன்னு பொய்யும் சொல்ல முடியாது. அதான் ஒண்ணும் சொல்லாம விட்ருவேன். அந்த மல்லிகாப் பொண்ணுக்குத் தெரியும்."

ரயிலில் திரும்பும்போது பையில் இருந்த பழைய புத்தகத்தை எடுத்து, அந்தப் பக்கத்தின் கீழே இருந்த நாலு வரியைப் படித்தேன். இடைவெளி, டேப் போன்ற கண்ணுக்குத் தெரியாத எழுத்துகளுக்கு ஷெல் ஒரு தனிச் சலுகை கொடுக்கிறது. அவை எத்தனை அடுத்தடுத்து வந்தாலும் ஒன்றாகவே எடுத்துக்கொள்ளும். காற்புள்ளி, நெட்டுக்கோடு (|) மாதிரி எழுத்துகளுக்கு அந்தச் சலுகை கிடையாது. நம் ஊர்க் கணக்கில் சொன்னால், இரண்டு நெட்டுக்கோடு பக்கத்தில் பக்கத்தில் இருந்தால் ஷெல் அதை இரண்டு வரப்பு என்றும், நடுவில் ஒரு தரிசு இருக்கிறது என்றும் எடுத்துக்கொள்ளும். இரண்டு டேப் இருந்தால் ஒரே ஒரு தடித்த வரப்பு என்று எடுத்துக்கொள்ளும். நடுவில் இருந்த தரிசு காணாமல் போய்விடும். மல்லிகா காலையையும் மாலையையும் வெறுமையாக விட்டு, டேப்பை அமுக்கி, ஷட்டர் அளவை அடித்திருக்கிறார். மூன்று டேப்பும் ஒன்றாகி, ஷட்டர் அளவு நகர்ந்து வந்து காலைத் தண்ணீரின் கட்டத்தில் உட்கார்ந்துவிட்டது. மற்ற நாற்பது லஸ்கர்களும் தண்ணீர் இல்லாவிட்டால் சைபர் என்று சொல்லிவிடுவார்கள். காளிமுத்துவுக்கு முன்னால் இருந்தவரும் அப்படித்தான். அதனால் இத்தனை வருடம் தெரியவில்லை.

திங்கட்கிழமை எட்டு மணிக்கே அலுவலகம் போய்க் கோப்பைத் திறந்தேன். பெயர், பிறகு வெறுமை, வெறுமை, இருபத்து நாலு. ஊகித்தபடியேதான். கோப்பிலும் ஸ்கிரிப்டிலும் டேப்பை எடுத்துவிட்டு நெட்டுக்கோடு போட்டு மறுபடி ஓடவிட்டேன். தெற்கு நத்தத்தில் தண்ணீர்க் கட்டம் இரண்டும் காலியாக வந்தன. இரண்டு அறிக்கையையும் எடுத்துக்கொண்டு போய் மேடத்தின் வாசலில் நின்றேன். அவர் வந்ததும் பேனாவைத் திறக்கும் முன் எல்லாவற்றையும் சொன்னேன்.

மேடம் இரண்டு காகிதத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து ஸ்கேலை நெட்டுவாக்கில் வைத்தார். மேலிருந்து கீழே பார்த்தார். மறுபடி பார்த்தார்.

"வெள்ளிக்கிழமை என்ன சொன்னீங்க தங்கராசு?"

"கம்ப்யூட்டர் பொய் சொல்லாதுன்னு சொன்னேன் மேடம்."

"இப்ப?"

"அது சொல்லலை மேடம். நான் சொல்லியிருக்கேன்."

ரப்பரை எடுத்துக் காளிமுத்துவின் பெயரை அழித்தார். நிதானமாக, ஒரு எழுத்துக்கூட மிச்சம் இல்லாமல் அழித்துத் தூளை ஊதினார். பிறகு புதுக் காகிதம் ஒன்றை எடுத்து எனக்கு ஒரு மெமோ எழுதினார். நேராகப் பேனாவில்.

"உங்களுக்குப் பென்சில் வேண்டாம்ல?" என்றார்.

"வேண்டாம் மேடம்" என்றேன். வாழ்க்கையில் நான் நிம்மதியாக வாங்கிக்கொண்ட மெமோ அதுதான்.

அன்றைக்கே தலைப்பைத் திறந்து தெற்கு நத்தத்துக்கு எட்டு நாள் தொடர்ந்து விட உத்தரவு போட்டார். ஐந்தாம் நாள் மாலை போன் அடித்தபோது நான் மல்லிகாவுக்கு முந்திக்கொண்டு எடுத்தேன். "எழுதிக்குங்க சார், காலைல ரெண்டு அங்குலம், சாயங்காலம் ஒம்போது" என்றார் காளிமுத்து. குரலில் சிரிப்பு இருந்தது. நானே அடித்தேன்.

எல்லாம் சுபம் என்று சொல்ல ஆசைதான். பாக்கியம் அம்மாளின் நாற்று பிழைக்கவில்லை. மேலத் தெருவில் மிஞ்சிய நாற்றை வாங்கி ஏழு மா நட்டார். மீதி எட்டு மா அந்த வருடம் தரிசாகக் கிடந்தது. நான் ஒரு பக்கத்தின் கடைசி நாலு வரியைப் படிக்காததற்கு அந்த அம்மாள் எட்டு மா கொடுத்தார். பொங்கலுக்குப் பிறகு நேரில் போய் மன்னிப்புக் கேட்டேன். "இப்ப வந்து சொல்றீங்களாக்கும்" என்று மட்டும் சொல்லி மோர் கொடுத்தார். அதற்கு மேல் அவர் சொல்ல வேண்டியதில்லை.

அந்த ஐந்தாம் நாள் போனிலேயே காளிமுத்து ஒரு கேள்வி கேட்டிருந்தார். "அப்ப இனிமே சைபர் போட்டாத்தான் உங்க மெஷினுக்குப் புரியுமா சார்?" வேண்டாம், நீங்கள் எப்போதும் போல விடுங்கள், நான் பார்த்துக்கொள்கிறேன் என்றேன். அன்று மாலைதான் ஸ்கிரிப்டில் நெட்டுக்கோடு வரிக்கு மேலே அந்தக் குறிப்பை எழுதினேன். எனக்குப் பின்னால் வருகிற எவராவது அழகுக்காக அதை மறுபடி டேப்பாக மாற்றிவிடக் கூடாது அல்லவா?

ஷமீமா முழுக்கக் கேட்டார். டீ ஆறியிருக்கும்.

"இப்ப டேப்பும் இல்ல, கோடும் இல்ல சார். லஸ்கருங்களே மொபைல்ல ஏத்திடுறாங்க. அப்ப அந்த வரி தேவையில்லைதானே?" என்றார்.

"தேவையில்லாம இருக்கலாம். ஒண்ணு செய்ங்க. தண்ணிக் கட்டத்தை ஒண்ணும் போடாம விட்டு அனுப்பிப் பாருங்க" என்றேன். "ஒரு நிமிஷம் சார்" என்று போனைக் கீழே வைத்தார். விசைகள் தட்டும் சத்தம் கேட்டது.

"சார், காலியா விட்டா முந்தின நாள் அளவு தானா வந்து உக்காந்துக்குது."

இந்த முறை தெற்கு நத்தத்துக்குத் தண்ணீர் போய்விட்டதா என்று மட்டும் கேட்டேன்.

"வந்துருச்சு சார். நாலு நாளா அதே பதினெட்டு அங்குலம்னு ஸ்கிரீன்ல..." என்று ஆரம்பித்தவர் பாதியில் நிறுத்திக்கொண்டார்.

"நான் நேர்ல போய்ப் பாத்துட்டு வந்துடுறேன் சார்" என்றார்.

மயிலாடுதுறை வரை ரயிலில் போய்விடலாம், தெற்கு நத்தம் பஸ்ஸை மட்டும் நிறுத்திவிட்டார்கள், ஆட்டோதான் பிடிக்க வேண்டும் என்று சொல்லிப் போனை வைத்தேன்.